ஏகாட்டூர் தண்டவாளமும் நம் கடைக் கல்லாவும்

2025-ஆம் ஆண்டு ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் நமக்கு வியாபாரம் கூடுதலாக நடக்கும் நாள். விடியற்காலையில் கடை திறக்க வந்த கடம்பத்தூர் வணிகர்கள் பலர் ஷட்டரைத் தூக்காமல் கிழக்கே பார்த்தபடி நின்றுவிட்டார்கள். திருவள்ளூர் பக்கம் வானம் கறுத்திருந்தது. மழை மேகம் என்று நினைத்தவர்களும் உண்டு. சிறிது நேரத்திலேயே செய்தி வந்துவிட்டது. டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் திருவள்ளூருக்கும் ஏகாட்டூருக்கும் நடுவே தடம் புரண்டு எரிந்துகொண்டிருந்தது.

அன்று 18 டேங்கர்கள் தீக்கு இரையாயின. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். வீடுகளில் இருந்த சமையல் எரிவாயு சிலிண்டர்களையும் அப்புறப்படுத்தினார்கள். தீயணைப்பு வண்டிகள் பல மணி நேரம் நுரை பாய்ச்சித்தான் நெருப்பை அடக்க முடிந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய ஆறுதல். குடியிருப்புகளுக்கு அவ்வளவு அருகில் எரிந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்றால் அதில் தீயணைப்புத் துறையினரின் உழைப்பும் இருக்கிறது, நம் நல்ல காலமும் இருக்கிறது.

சென்னை–அரக்கோணம் பாதை நின்றது. எக்ஸ்பிரஸ் வண்டிகள் பல ரத்தாயின, சில வேறு வழியில் திருப்பி விடப்பட்டன. மின்சார ரயிலை நம்பிச் சென்னைக்குக் கொள்முதலுக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! கொத்தவால்சாவடியில் பருப்பும் மிளகாயும் பார்த்து வாங்கி, சின்னச் சிப்பமாக இருந்தால் ரயிலிலேயே கொண்டுவந்துவிடுவோம். அந்த வழி அடைபட்டால் மீதி இருப்பது ரோடுதான். ரயிலில் போக வேண்டிய கூட்டமும் அன்று அதே ரோட்டில்தான் இறங்கியது.

அந்த டீசல் நம்முடையதல்ல, நாம் அதற்குப் பணம் கட்டவுமில்லை. இருந்தும் அது எரிந்ததில் நம் வியாபாரம் தடைப்பட்டது. எண்ணெய், எரிவாயு வழித்தடங்களைப் பாதுகாப்பது பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளை நாம் அரபு நாட்டுச் சமாச்சாரம் என்று புரட்டிவிடுவது வழக்கம். அந்த வழித்தடத்தின் ஒரு துண்டு நம் ஊர் ஸ்டேஷன் வழியாகவே போகிறது என்பது அன்று புகையைப் பார்த்தபோதுதான் பலருக்கு உறைத்தது.

மணலி வழியாக நம் அலமாரிக்கு

அரபு நாட்டுக் கிணற்றிலிருந்து வரும் கச்சா எண்ணெய் கப்பலில் ஏறி, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, குழாய் வழியாக மணலிக்குப் போகிறது. மணலி ஆலை 1965-இல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும், ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய கூட்டு முயற்சி. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கொள்ளளவோடு ஓடத் தொடங்கியது. சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறிய பிறகு கொள்ளளவு 105 லட்சம் டன்னாக வளர்ந்தது. அங்கிருந்து திருச்சி, மதுரைக்கும் பெங்களூருக்கும் குழாய்கள் போகின்றன. மற்ற இடங்களுக்கு ரயிலும் லாரியும்தான்.

லாரி வாடகை ஏறும்போது மட்டுமே நமக்கு டீசல் நினைவுக்கு வருகிறது. கடைக்குள் இருப்பதையும் கொஞ்சம் பாருங்கள். மெழுகுவத்தியிலும் தீக்குச்சியிலும் சேரும் பாரஃபின் மெழுகு மணலியில் தயாராகும் பொருள்களில் ஒன்று. சலவைத் தூளுக்கு நுரை கொடுக்கும் மூலப்பொருள் மண்ணெண்ணெய்ச் சரக்கிலிருந்து வருவது. அதைச் செய்யும் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையும் மணலியில்தான் இருக்கிறது. பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் உறையும் எண்ணெயில் பிறந்ததே. நமக்கு எண்ணெய் என்றால் கடலையும் நல்லெண்ணெயும் பாமாயிலும்தான் என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாமாயிலும் கப்பலில்தான் வருகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய் என்ன ஆட்டம் ஆடியது! அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மே மாதம் மீண்டும் திறந்துவிட்டது. இடையிலிருந்த மூன்று வாரமும் எந்த விலைக்கு டின் எடுப்பது என்று தெரியாமல் நாம் தவித்ததை மறக்க முடியாது.

எம்டன் வந்த இரவு

இதெல்லாம் புதிய தொல்லை என்று நினைக்க வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து குண்டு வீசியது. அதன் முதல் குறி துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்தன. உயர்நீதிமன்ற மதிலில் அன்று ஒரு குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். பாரிமுனைக்குக் கொள்முதலுக்குப் போகிறவர்கள் ஒருநாள் நின்று பார்க்கலாம்.

கப்பல் சுட்டது அரை மணி நேரம்கூட இல்லை, அதற்குள் இருளில் மறைந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு ஊரைவிட்டு வெளியேறிய ஜனங்கள் ஆயிரக்கணக்கில். மறுபடி வரும், மறுபடி வரும் என்ற வதந்தியிலேயே வியாபாரம் படுத்துவிட்டது. குண்டு செய்த சேதத்தைவிட அதன் பிறகு பரவிய பீதி செய்த சேதம் அதிகம். சாமர்த்தியக்காரனை ‘எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். அந்தக் கப்பல் குறிபார்த்தது விளக்குக்கு எரிக்கும் எண்ணெயை என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்கு நினைவிருக்க வேண்டிய விஷயம்.

உலகம் எப்படிக் காக்கிறது

பாரசீக வளைகுடாவின் வாசல் ஹார்முஸ் ஜலசந்தி. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 21 கடல் மைல். 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய், அதாவது உலகம் செலவழித்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அந்த வாசலைத் தாண்டிப் போனது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது இங்கே பெட்ரோல் விலை எப்படி ஏறியது, மண்ணெண்ணெய் வரிசை எவ்வளவு நீண்டது என்பதை மூத்த வணிகர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் மோதியபோதும் எல்லோர் கண்ணும் அந்த வாசல் மேல்தான் இருந்தது.

வாசல் அடைபட்டால் என்ன செய்வது? சவூதி அரேபியா தன் நாட்டைக் குறுக்கே கடந்து செங்கடல் கரையிலுள்ள யான்பு வரை குழாய் போட்டு வைத்திருக்கிறது. அபுதாபி, ஜலசந்திக்கு வெளியே இருக்கும் ஃபுஜைரா வரை குழாய் போட்டிருக்கிறது. நம் கடற்படை 2019 ஜூனில் ‘ஆபரேஷன் சங்கல்ப்’ என்ற பெயரில் இந்தியக் கப்பல்களுக்குத் துணைபோகத் தொடங்கியது. ஆனால் காவல் போட்டும் காக்க முடியாத இடம் உண்டு. 2019 செப்டம்பர் 14 அன்று சவூதியின் அப்கைக் ஆலையை ஆளில்லா விமானங்களும் ஏவுகணைகளும் தாக்கின. அந்த நாட்டின் உற்பத்தியில் பாதி ஒரே காலையில் நின்றது. எல்லாச் சரக்கும் ஒரே கிடங்கு வழியாகப் போனால் அந்தக் கிடங்கின் பூட்டுதான் எதிரியின் குறி.

கையிருப்புதான் இன்னொரு காவல். கையிருப்பைப் பற்றி வணிகர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து கச்சா எண்ணெய்க் கிடங்குகள் அமைத்தார்கள். மூன்றும் சேர்ந்து 53.3 லட்சம் டன் கொள்ளும். நிரம்ப வைத்திருந்தால் நாட்டின் சுமார் 9½ நாள் தேவைக்கு ஆகும் என்பது அரசு சொன்ன கணக்கு. எண்ணெய்க் கம்பெனிகளின் தொட்டிகளில் இருப்பது இதற்கு மேல்.

சமையல் எரிவாயுவுக்கு இந்த வசதி குறைவு. அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு, பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து வருவது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் செலவாகிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு 80 ஆயிரம் டன்னுக்கு மேல். விசாகப்பட்டினத்துப் பாறைக் கிடங்கு கொள்ளும் எரிவாயு 60 ஆயிரம் டன். நாடு முழுவதற்கும் வைத்துப் பார்த்தால் அது ஒரு நாளைக்குக்கூடப் போதாது. டீக்கடை, இட்லிக்கடை, பலகாரக்கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கம்ப்யூட்டரும் லாரியும்

2021 மே மாதம் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே தோன்றும். கலோனியல் என்ற குழாய்க் கம்பெனி அந்த நாட்டின் கிழக்குக் கரைக்குப் போகும் எரிபொருளில் சுமார் 45 சதவீதத்தைக் கொண்டுசெல்கிறது. திருடர்கள் அதன் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து தகவல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டார்கள். குழாயில் ஒரு சிறு ஓட்டைகூட விழவில்லை. முன்னெச்சரிக்கையாகக் கம்பெனியே குழாயை நிறுத்தியது. ஐந்தாறு நாள் எண்ணெய் ஓடவில்லை. ஜனங்கள் பங்குகளில் முண்டியடித்தார்கள். பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் பிடிக்காதீர்கள் என்று அந்நாட்டு அரசு அமைப்பே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. கம்பெனி சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்துத்தான் பூட்டைத் திறந்தது. கணக்கெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், பாஸ்வேர்டு கடைப் பையன் உட்பட எல்லோருக்கும் தெரியும் என்று வைத்திருக்கும் நம் மொத்த வியாபாரிகள் சிலரின் முகம் இங்கே நமக்கு நினைவுக்கு வருகிறது.

நம் பக்கம் தடை வருவது பெரும்பாலும் லாரி வழியாகத்தான். 2025 மார்ச் கடைசியில் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர்கள் புதிய ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாளில் முடிந்ததால் பெரிய பாதிப்பு இல்லை. அவர்கள் தரப்பு நியாயத்தை லாரி வைத்திருக்கும் நம் உறுப்பினர்களே நன்றாகச் சொல்வார்கள். 2024 ஜனவரி முதல் வாரத்தில் புதிய விபத்துத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து வடக்கே லாரி ஓட்டுநர்கள் நின்றபோது ஐதராபாத்தில் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் ஒருவர் பைக்கை விட்டுவிட்டுக் குதிரையில் போனார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நின்றது இரண்டே நாள். பங்குத் தொட்டிகளைக் காலி செய்தது ஒரே நாளில் முழு டேங்க் நிரப்ப வந்த கூட்டம்.

மளிகையில் இதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! உப்பு கிடைக்காது என்று ஒரு வதந்தி கிளம்பினால் மாலைக்குள் உப்பு உண்மையிலேயே கிடைக்காது. அந்த நேரத்தில் கல்லாவில் இருப்பவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம். “சரக்கு இருக்கிறது, வாரத் தேவைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கும் தருகிறேன்” என்று சொல்லும் கடையில் கூட்டம் தணிகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை என்று நடத்துகிறவருக்கு அன்றைக்கு லாபம்தான். ஆனால் அந்தத் தெரு அதை மறப்பதில்லை.

வயலுக்கு அடியில் போவது

நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய குழாய் ஒன்று உண்டு. எண்ணூர்–திருவள்ளூர்–பெங்களூர்–புதுச்சேரி–நாகப்பட்டினம்–மதுரை–தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாய். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் திறக்கப்பட்ட, ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவுள்ள திரவ எரிவாயு முனையம்தான் அதற்கு ஊற்றுக்கண். குளிரூட்டித் திரவமாக்கிய எரிவாயு கப்பலில் வந்து இறங்கி, மீண்டும் வாயுவாகி, தொழிற்சாலைகளுக்கும் நகர எரிவாயு இணைப்புகளுக்கும் போகிறது.

இப்படிப்பட்ட குழாய்கள் போகும் பாதையில் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ 1962-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நிலம் உரியவருடையதே. பயிர் செய்யலாம், ஆனால் ஆழமாகத் தோண்டக்கூடாது. குழாய்க்கு எதிரி வெளிநாட்டு ஏவுகணை மட்டுமல்ல. கிடங்கு கட்ட அஸ்திவாரம் தோண்டும் ஜே.சி.பி.யும் எதிரிதான். கடம்பத்தூர், மணவாளநகர் சுற்றுவட்டாரத்தில் நம் உறுப்பினர்கள் கிடங்குக்கு நிலம் தேடி அலைகிறார்கள். மனை வாங்கும்போது பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்ப்பதோடு, நிலத்திலோ பக்கத்திலோ குழாய் அடையாளக் கல் நிற்கிறதா என்றும் நடந்து பார்க்க வேண்டும். கல்லில் கம்பெனியின் தொலைபேசி எண் இருக்கும். தோண்டுமுன் தகவல் கொடுக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியையும் கொண்டுவந்திருக்கிறது.

அலட்சியத்தின் விலை என்ன என்பதற்கு ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்திலிருந்த நகரம் என்ற கிராமம் சாட்சி. 2014 ஜூன் 27 விடியற்காலை அங்கே கெயில் நிறுவனத்தின் குழாயிலிருந்து கசிந்த எரிவாயு ஊருக்குள் பரவி நின்றது. டீக்கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்தபோது தீப்பிடித்தது என்று அப்போது செய்தி வந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். விடியற்காலையில் ஊரில் முதல் நெருப்பை மூட்டுவது எப்போதும் நம் இனத்தவர்தானே! வாடை வந்தால் அடுப்பையும் ஸ்விட்சையும் தொடாமல், கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து பேச வேண்டும். சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906, ரயில் பாதையில் எதையாவது பார்த்தால் 139. இந்த இரண்டு எண்களையும் கல்லாவுக்கு மேல் ஒட்டி வையுங்கள்.

எண்ணெய் சிந்தினால் எப்படி இருக்கும் என்பதை எண்ணூர் மீனவர்களைக் கேட்டால் தெரியும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே எரிவாயுக் கப்பல் பி.டபிள்யூ. மேப்பிளும், எரிபொருள் ஏற்றிவந்த டான் காஞ்சிபுரமும் மோதிக்கொண்டன. கரையில் ஒதுங்கிய கறுப்புச் சேற்றை இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். மீனில் எண்ணெய் என்ற பேச்சு பரவி மீன் விற்பனை படுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் மறுபடி கறுத்தது. கொசஸ்தலையாறு பூண்டியைத் தாண்டிப் போய்ச் சேரும் கழிமுகம் அதுதான். நாம் பார்க்கிற ஆறுதான் அங்கே அப்படி முடிகிறது.

கடையில் எவ்வளவு வைக்கலாம்

தட்டுப்பாடு என்ற பேச்சு எழுந்ததும் நம்மில் சிலர் கேனில் பெட்ரோலும் பின்கட்டில் சிலிண்டருமாகச் சேர்க்கத் தொடங்குகிறோம். வெளிப்படையாகவே எழுதுகிறோம், இது நெருப்பைக் காசு கொடுத்து வாங்கி வைப்பது. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர்தான். அதுவும் விற்பனைக்கு அல்ல, மூடிய தகுந்த கலத்தில் இருக்க வேண்டும். ஜெனரேட்டருக்கான டீசலுக்கு வரம்பு 2,500 லிட்டர். எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோவுக்கு மேல் வைக்கக்கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர் என்றால் ஐந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டு சிலிண்டரைக் கடையில் எரிப்பது 2000-ஆம் ஆண்டு ஆணைப்படி குற்றம். தட்டுப்பாட்டு நாளில்தான் சோதனைக்கு வருவார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததே.

ஏகாட்டூர் தீயன்று அதிகாரிகள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று வீடுகளிலிருந்து சிலிண்டர்களை வெளியேற்றியது. தண்டவாளத்தை ஒட்டிய நம் கடைகளில் எது எங்கே இருக்கிறது என்று அப்படியொரு காலையில் யாரிடம் கேட்பார்கள்? சாவி நம் வீட்டில் இருக்கும். அபாய ரசாயனங்களைக் கையாளும் பகுதிகளுக்காக 1996-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் நெருக்கடிக் குழு இருக்க வேண்டும், வட்டார அளவிலும் குழு உண்டு. கும்மிடிப்பூண்டி, மணலி, எண்ணூர் ஆலைகளை மனதில் வைத்தே நம் பக்கம் இந்தக் குழுக்களைப் பற்றிப் பேசுகிறோம். ரயிலில் போகும் டீசல் நம் வழியாகத்தான் போகிறது என்பதை அங்கே எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சங்கத்தின் சார்பில் ஆட்சியருக்கு மனு கொடுத்து, வட்டாரக் குழுவில் வணிகர் ஒருவருக்கு இடம் கேட்கலாம் என்பது நம் யோசனை. கூடவே ரயில் பாதையை ஒட்டிய கடைகளின் பட்டியலையும், ஒவ்வொரு கடையிலும் இருக்கும் சிலிண்டர், டீசல் அளவையும், சாவி வைத்திருப்பவரின் போன் நம்பரையும் எழுதித் திருவள்ளூர் தீயணைப்பு நிலையத்தில் கொடுத்து வைக்க வேண்டும். ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்காரர்கள் முதலில் எழுதிக் கொடுத்தால் மற்ற தெருக்களையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கிவிடலாம்.